என் தம்பி மனோஜ்குமாரும் பூண்டுப் பரணில் வைத்த போர்டும்

என் தம்பி மனோஜ்குமாரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். ஒரு கையில் பூண்டுக் கட்டும் மறு கையில் சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைத் தகடும் வைத்துக்கொண்டு சிரிக்கிற பையன் அவன்தான். செல்போனில் விளம்பரமாக ஓடியது. இன்னும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது. “எங்க ஊரு வெதப்பூண்டை இதுதான் காக்குது” என்று அதில் சொல்வான். சொன்ன அன்றைக்கு அது உண்மை. பிறகு அது உண்மை இல்லாமல் போனது. இல்லை என்று முதலில் வாய்விட்டுச் சொன்னவனும் அவன்தான். விளம்பரத்தில் அது வராது என்பதால் நான் எழுதுகிறேன்.

கொடைக்கானல் மலையில் பூம்பாறையைத் தாண்டி மேலே இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. கேரட், பீன்ஸ், உருளை எல்லாம் போடுகிறோம். ஆனாலும் எங்கள் ஊருக்குப் பேர் பூண்டால்தான். அப்பா நல்லசாமி, அம்மா பிச்சையம்மாள். மூத்தவள் நான், மணிமேகலை. பத்தாவதோடு நின்றுவிட்டேன். உள்ளூரிலேயே ஞானவேலுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அம்மா வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு கல்படிதான். மனோஜ் திண்டுக்கல்லில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்தான். எங்கள் தெருவில் அந்தப் படிப்பின் பெயரைச் சரியாகச் சொல்லக்கூட அப்போது ஆள் இல்லை. நான் சொல்லப் பழகிக்கொண்டேன். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொன்னேன்.

கூடப் படித்தவர்கள் ஓசூருக்கும் சென்னைக்கும் போனார்கள். இவன் போகவில்லை. “குளிரில்லாத ஊர்ல எனக்குத் தூக்கம் வராதுக்கா” என்பான். திண்டுக்கல் விடுதியில் மூன்று வருடமும் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு படுத்தவன். மலையிலேயே ஒரு சோலி கிடைக்க வேண்டும், ராத்திரிக்கு வீட்டில் வந்து சாப்பிட வேண்டும். அவன் இந்த உலகத்திடம் கேட்டது அவ்வளவுதான். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் டிவியும் செல்போனும் பழுது பார்க்கிற ஒரு கடையில் சேர்ந்தான். முதல் பஸ்ஸில் வெள்ளனே இறங்கிப் போய், கடைசி பஸ்ஸில் ஏறி வருவான்.

விதைப்பூண்டைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அதை மற்றப் பூண்டு போல மூட்டை கட்டி வைக்க முடியாது. தாளோடு சேர்த்துக் கட்டி, பரணில் தொங்கவிட்டு, கீழே அடுப்பு மூட்டிப் புகை காட்ட வேண்டும். புகையும் சூடும் பட்டால்தான் மழைக்காலத்து ஈரம் ஏறாமல் அடுத்த விதைப்பு வரைக்கும் பல் கெட்டியாக இருக்கும். எங்கள் ஊரில் இதற்கென்று பொதுவாக ஒரு மண்சுவர் வீடு உண்டு, விதை வீடு என்போம். ஒவ்வொரு குடும்பமும் தன் கட்டில் ஒரு துணிக் கிழிசலை அடையாளமாகக் கட்டித் தொங்கவிடும். எல்லாம் ஏறியதும் ஒரு நல்ல நாளில் முருகனுக்குச் சூடம் காட்டிப் பரண் கதவைச் சாத்துவார்கள். சாத்தினால் சாத்தியதுதான். விதைப்பு வரும்வரை யாரும் திறக்கக் கூடாது. இடையில் திறந்தால் சூடு வெளியே போகும், பனி உள்ளே ஏறும். ஒருத்தர் தன் கட்டைப் பார்க்கப் போனால் எல்லோரும் போவார்கள். அதனால் அப்படி ஒரு கட்டுப்பாடு. அதற்குப் பிறகு அடுப்பு மட்டும்தான். வீட்டுக்கு வீடு முறை வைத்துப் பெண்கள் போய் ஈர விறகைப் போட்டுப் புகை மூட்டுவார்கள்.

அம்மாவின் கண் அந்த அடுப்பில்தான் மங்கியது என்று மனோஜ் நம்பினான். கண்ணாஸ்பத்திரி டாக்டர் அப்படி உறுதியாகச் சொல்லவில்லை. புகையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். அவனுக்கு அது போதுமாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ‘தளிர்’ என்ற போர்டை விற்கிற கம்பெனிக்காரர் செந்தில்வேல் நாயுடுபுரம் கடைக்கு வந்தார். அந்தத் தகடே ஒரு கம்ப்யூட்டர். விலை குறைவு. அதோடு டிவியையும் கீபோர்டையும் இணைத்தால் பிள்ளைகள் படிக்கலாம், கடைக்காரர் கணக்குப் பார்க்கலாம், மோட்டாரைத் தானாக ஓட வைக்கலாம் என்று பெட்டி மேலேயே படம் போட்டிருந்தது. ‘கையளவு கணினி, ஊரளவு வேலை’ என்று அதற்கு ஒரு வாசகம். கடை முதலாளி கொடைக்கானலுக்கு அதன் ஏஜென்சி எடுத்தார். பொருத்திக் கொடுக்கிற வேலை மனோஜுக்கு வந்தது.

முதலில் வட்டக்கானலில் லீலா அக்கா நடத்துகிற கெஸ்ட் ஹவுஸில் வைத்தான். சாப்பாட்டு அறை டிவியில் அன்றன்றைய தேதியும் மெனுவும் வரும். ஒருநாள் நானும் அவனோடு போயிருந்தேன். லீலா அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“ஏம்ப்பா மனோஜு, உன் கம்ப்யூட்டருக்கு ஞாபக மறதியா? கரண்ட் போய் வந்தா இன்னிக்கி என்ன தேதின்னே தெரியாம முழிக்குது. எங்க மாமனார் தேவலை.”

“அதுக்குள்ள கடிகார பேட்டரி கெடையாதுக்கா. நெட்ல கேட்டுத்தான் மணி தெரிஞ்சுக்கும்.”

“நெட்டும் இல்லேன்னா?”

“வர்ற வரைக்கும் பொறுத்துக்கணும்.”

“நீ பொறுத்துக்குவ. போன மாசத் தேதியப் போட்டு, இன்னிக்கி ஸ்பெஷல் காளான் சூப்புன்னு காட்டுது. கெஸ்ட்டெல்லாம், மேடம், சூப் போன மாசம் வச்சதான்னு கேக்குறாங்க.”

மனோஜும் சேர்ந்து சிரித்தான். ஆனால் திரும்பி வரும்போது பஸ்ஸில் எதையோ விரல் விட்டு எண்ணியபடியே வந்தான். அந்தப் போர்டின் குறைகளை அவன் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்து வைத்திருந்தான். கரண்ட் பட்டென்று போனால் அதில் செருகியிருக்கிற மெமரி கார்டு கெட்டுப்போகலாம். கார்டு கெட்டால் போர்டு எழுந்திருக்காது. மூடிய டப்பாவுக்குள் வைத்தால் சூடேறி மந்தமாகிவிடும். நல்ல அடாப்டர் போட வேண்டும், பெட்டியில் அடாப்டர் வராது. இதையெல்லாம் அவன் செந்தில்வேலிடம் சொன்னபோது அவர் தோளில் தட்டினார்.

“தம்பி, கையளவு கணினி, ஊரளவு வேலைன்னு அச்சடிச்சாச்சு. ‘கரண்ட் இருக்குற வரைக்கும்’னு அதுக்குக் கீழ பேனாவால எழுதிக் கொடுக்கவா?”

நல்ல பேச்சுக்காரர். கோபித்துக்கொள்ள முடியாது.

விதை வீட்டில் போர்டு வைக்கலாம் என்பது மனோஜின் யோசனை. பரணில் ஈரத்தை அளக்கிற சென்சார், ஒரு சின்ன ஹீட்டர், ஒரு ஃபேன். ஈரம் ஏறினால் போர்டு இரண்டையும் ஓட்டும், இறங்கினால் நிறுத்தும். பெண்கள் அடுப்பு முன்னால் உட்கார வேண்டியதில்லை. இதைக் கேட்டதும் செந்தில்வேல் எங்கள் ஊருக்கே வந்துவிட்டார். “இது மட்டும் நல்லபடியா ஓடுச்சுன்னா நாயுடுபுரத்துல மலைக்குன்னு தனி ஆபீஸ். தம்பிதான் அதுக்கு ஆபீசர்” என்று அப்பாவிடம் சொன்னார். மனோஜ் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. சந்தோஷம் வந்தால் அவன் அப்படித்தான்.

ஊர் கூடியபோது விதை வீட்டுப் பொறுப்பில் இருந்த பொன்னுவேல் பெரியப்பா அந்தத் தகட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏலே, இந்தத் துண்டு நம்ம அடுப்பு வேலையப் பாக்குமா?”

“பாக்குங்க பெரியப்பா. உங்க போன்லயே ஈரம் எவ்வளவுன்னு நம்பர் வரும். பச்சையா இருந்தா நல்லாருக்குன்னு அர்த்தம். செவப்பானா ஓடி வரணும்.”

“கரண்ட் போனா?”

“பேட்டரி வச்சிருக்கேன். கொஞ்ச நேரம் தாங்கும்.”

பக்கத்து வீட்டு வேலுத்தாய் மதினி குறுக்கே வந்தார். “வச்சிட்டுப் போறான், விடுங்க. என் மாமியா செத்ததுக்குக்கூட நான் இம்புட்டு அழுததில்ல, அந்த அடுப்பு முன்னால அழுத அழுகை. போனாச்சும் அழட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். பொன்னுவேல் பெரியப்பா சிரித்து முடித்துவிட்டு, “ஊரு வெதைப்பா. யாரு பொறுப்பு?” என்றார்.

“நான்தான் பொறுப்பு” என்றான் மனோஜ். நான் பெண்கள் பக்கம் நின்றிருந்தேன். அவன் பெரியப்பா கையிலிருந்து தகட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டதைப் பார்த்தேன்.

அந்த வருடம் பரண் சாத்துகிற அன்றைக்கே விளம்பரத்தையும் எடுத்தார்கள். கேமராக்காரப் பையன்கள் சூடத்தை மூன்று தடவை காட்டச் சொன்னார்கள். பூசாரி முறைத்தார். மனோஜின் செல்போன் எண்ணையே ‘மலைப் பகுதி தொடர்புக்கு’ என்று கீழே போட்டார்கள். கதவு சாத்தியது. அடுப்பு அணைந்தது. புரட்டாசி முழுக்க ஊரே போனில் அந்தப் பச்சை எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாவின் கண்ணில் நீர் வடிவது நின்றது. அதில் நான் பொய் சொல்ல மாட்டேன், நின்றது.

ஐப்பசியில் மழை வந்தது. மழை எங்களுக்குப் புதிதில்லை. ஆனால் அந்த முறை காற்றும் சேர்ந்து வந்தது. கொடைக்கானல் ரோட்டில் மரங்கள் விழுந்து பஸ் நின்றது, மின்கம்பங்கள் சாய்ந்தன. பல நாள் கரண்ட் இல்லை, செல்போனுக்கு டவரும் இல்லை. மனோஜ் விதை வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்குமாக நடந்தான். பேட்டரி முதல் நாளே தீர்ந்திருக்கும் என்று அவனுக்குத் தெரியும். கரண்ட் வந்ததும் போர்டு தானாக எழுந்து ஹீட்டரைப் போட்டுவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

கரண்ட் வந்தது, டவரும் வந்தது. போனைத் திறந்தான். எண் இருந்தது. பச்சையாக இருந்தது.

நான் அப்போது பக்கத்தில் இருந்தேன். “ஃபேன் சத்தம் கேக்கலியேடா” என்றேன். விதை வீட்டுச் சுவரில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். “ஈரம் கம்மியா இருந்தா ஃபேன் ஓடாதுக்கா. ஓடலேன்னா நல்லதுதான்” என்றான். இருந்தாலும் செந்தில்வேலுக்கு போன் போட்டான். ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

“பச்சையாத்தானே இருக்கு? அப்புறம் எதுக்குத் தம்பி சாத்துன கதவத் தொறக்கச் சொல்லி ஊரப் பயமுறுத்துறீங்க?”

கதவைத் திறக்கச் சொல்லி ஊரிடம் கேட்பது சின்ன விஷயமில்லை. சாத்திய பரணைத் திறந்ததாக எங்கள் ஊரில் யாருக்கும் ஞாபகமில்லை. அவன் கேட்கவில்லை. அந்தப் பச்சையை நம்பினான். ஊரும் நம்பியது. அடுப்பு இருந்திருந்தால் முறைக்காரப் பெண் யாராவது தினமும் அங்கே போய் உட்கார்ந்திருப்பாள். பரண் வாசம் மாறியதும் தெரிந்திருக்கும். அடுப்பு இல்லாததால் அங்கே போக யாருக்கும் வேலையில்லை.

விதைப்புக்கு நாள் பார்த்துக் கதவைத் திறந்தார்கள். முதலில் ஏறிய என் வீட்டுக்காரர் ஞானவேல் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார். நான் ஏறிப் பார்த்தேன். கட்டுகள் தொங்கின. தொட்டால் பல் குழைந்தது. சிலவற்றில் கருப்பாகப் பூஞ்சை. சிலவற்றில் வெளிச்சம் இல்லாமலே முளைத்த முளை, வெள்ளையாக, நீளமாக, நூல் மாதிரி. வேலுத்தாய் மதினி தன் மஞ்சள் துணி கட்டிய கட்டைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தார். யாரும் கத்தவில்லை. “எறக்கி வெயில்ல போடுங்கப்பா. தேறுறது தேறட்டும்” என்றார் பொன்னுவேல் பெரியப்பா. தேறியது ஒரு கூடைகூட இல்லை.

மனோஜ் போர்டைக் கழற்றிக்கொண்டு வந்து வீட்டில் டிவியில் மாட்டிப் பார்த்தான். அது எழுந்திருக்கவே இல்லை. மழை தொடங்கிய சாயங்காலமே கார்டு கெட்டிருக்கிறது. கடைசியாக அனுப்பிய எண்ணைத்தான் கம்பெனியின் ஆப் அத்தனை மாதமும் பச்சையாகக் காட்டிக்கொண்டிருந்தது. எப்போது வந்த எண் என்று அதில் எங்கேயும் இல்லை. போர்டின் குறைகளை எல்லாம் தேடித் தெரிந்துகொண்டவன், அந்த ஆப்பின் குறையை மட்டும் தெரிந்துகொள்ளவில்லை.

“அக்கா, இது நல்லாருக்குன்னு பொய் சொல்லலக்கா” என்றான். “தனக்கு ஒண்ணும் தெரியலேன்னு சொல்ல அதுக்குத் தெரியல. அவ்வளவுதான்.”

மற்ற ஊர்களுக்கு விதை கொடுத்துப் பழகிய ஊர் எங்களுடையது. அந்த வருடம் அப்பாவும் பொன்னுவேல் பெரியப்பாவும் பக்கத்து ஊருக்குப் போய் விதை கேட்டார்கள். கொடுத்தார்கள், குறை சொல்லக்கூடாது. ஆனால் எங்கள் பூண்டின் அந்தச் சின்னப் பல், அந்தக் காரம், இனி எங்களிடம் இல்லை. அப்பா மனோஜை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவன் கொஞ்சம் தாங்கியிருப்பான் என்று எனக்குத் தோன்றும்.

அதே மாதத்தில்தான் விளம்பரம் எல்லா இடத்திலும் ஓடத் தொடங்கியது. கம்பெனி தெரிந்தே செய்ததா, ஏற்கெனவே குறித்த தேதியா, எனக்குத் தெரியாது. மனோஜுக்கு போன் வர ஆரம்பித்தது. ஊட்டியிலிருந்து, கொல்லிமலையிலிருந்து, கேரளாப் பக்கம் வட்டவடையிலிருந்து. அவன் பஸ்ஸுக்கு நடந்தபடியே காதில் வைத்துப் பேசுவான்.

“மனோஜ் சாரா? வீடியோ பாத்தோம் சார். எங்க வெதைக்கு வைக்கலாமா சார்?”

“வைக்காதீங்கண்ணே. எங்க வெதை அழுகிப் போச்சு.”

“என்ன சார், நீங்கதானே வீடியோல…”

“நான்தாண்ணே. அப்ப நல்லாருந்துச்சு.” அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக விளக்குவான். கார்டு, கடிகாரம், கரண்ட், ஆப். பிள்ளைகள் படிக்க, பழக, விளையாட நல்ல பொருள், ஊர் விதையை மட்டும் அதை நம்பி விடாதீர்கள் என்பான். எந்த போனையும் அவன் எடுக்காமல் விட்டதில்லை.

செந்தில்வேல் காரில் வந்தார். அம்மா காபி போட்டுக் கொடுத்தார். முதலில் வருத்தம் சொன்னார், அது வேஷமில்லை. பிறகு விஷயத்துக்கு வந்தார். நாயுடுபுரத்தில் ஆபீசுக்கு இடம் பிடித்தாகிவிட்டது. மனோஜுக்கு மேஜைகூட வந்துவிட்டது. இன்னொரு சின்ன வீடியோ மட்டும் வேண்டும்.

“என்ன சொல்லணும்?” என்றான் மனோஜ்.

“கரண்ட் போனப்ப ஊர்க்காரங்க சரியா கவனிக்கல, முறையா வச்சுக்கிட்டா போர்டு நல்லா ஓடும்னு. இதுல பொய் என்ன தம்பி இருக்கு? கவனிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்ல?”

“கவனிச்சாங்க சார். போனக் கவனிச்சாங்க. நான் எதக் கவனிக்கச் சொன்னேனோ அதத்தான் கவனிச்சாங்க.”

“ஒரு நிமிச வீடியோ. உங்க வாழ்க்கைய யோசிங்க.”

உள்ளேயிருந்து அம்மா கேட்டார். “ஏலே மனோஜு, சாரு சொல்றதச் சொன்னா நீ இங்கயே இருப்பியா?”

“இருப்பேம்மா.”

“சொல்லலேன்னா?”

அவன் குனிந்து காபித் தம்ளரை எடுத்தான். கடை முதலாளியும் அதே போர்டுக்கு ஏஜென்ட் என்பது அம்மாவுக்கும் தெரியும். அம்மா, “ஒரு நிமிசந்தானாமே” என்றார். அம்மா அவனைப் பொய் சொல்லச் சொல்லவில்லை. மகன் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தார்.

“தெனமும் பஸ்ஸுக்குப் பொன்னுவேல் பெரியப்பா வாசலத் தாண்டித்தானேம்மா போகணும்” என்றான்.

செந்தில்வேல் எழுந்தார். கார் வரைக்கும் நான் கூடப் போனேன். “நான் கெட்டவன் இல்லம்மா. எனக்கும் மேல ஆள் இருக்கு” என்றார். “என் தம்பிக்கு மேல யாரும் இல்லைங்க. அதான் அவனால முடியல” என்றேன். அதை அவமரியாதையாகச் சொல்லவில்லை.

கடை வேலை போனது. மலையில் வேறு கடைகளில் கேட்டான். அந்த வீடியோவைப் பார்த்தவர்கள், அவன் போனில் சொல்வதையும் கேள்விப்பட்டிருந்தார்கள். சொந்தச் சரக்கையே குறை சொல்கிறவனை யார் கடையில் வைப்பார்கள்? தோட்ட வேலை செய்யலாம் என்றார் அப்பா. ஆனால் விதைப்பு நாட்களில், பக்கத்து ஊரில் வாங்கிய விதையை ஊரே ஊன்றிக்கொண்டிருந்தபோது மனோஜால் வயலில் நிற்க முடியவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் மிஷின்களுக்கு எலக்ட்ரீசியனாகப் போய்ச் சேர்ந்தான். அங்கே இருந்துகொண்டும் அந்த போன்களை எடுத்துப் பதில் சொல்கிறான். அந்த நம்பரை மாற்றிவிடு என்று சொன்னேன். “மாத்துனா வேற யாராச்சும் நல்லாருக்குன்னு சொல்லிருவாங்கக்கா” என்றான்.

விதை வீட்டில் மறுபடி அடுப்பு எரிகிறது. அம்மாவின் முறையையும் நானே போய்ப் பார்த்துவிடுகிறேன்.

ஊர் அவனைத் தள்ளி வைக்கவில்லை. இதை எழுதியே ஆக வேண்டும். தண்ணீர்த் தொட்டியில் பார்க்கும்போதெல்லாம் பொன்னுவேல் பெரியப்பா என்னை நிறுத்துவார். “அவன வரச் சொல்லு தாயி. வெதையும் போயி, பயலும் போகணுமா?” நான் போனில் சொல்வேன். அவன் “சரிக்கா” என்பான். பிறகு மழை எப்படி, அம்மா கண்ணுக்கு மருந்து விடுகிறாரா என்று கேட்பான்.

போன பங்குனித் திருவிழாவுக்கு வருவதாகச் சொன்னான். அம்மா அரிசி ஊறப்போட்டார். அப்பா சவரம் செய்துகொண்டார். மத்தியானம் என் போன் அடித்தது. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறேன் என்றான். “வெரசா ஏறு, நம்ம பஸ் கெளம்பப் போகுது” என்றேன். ஹாரன் சத்தம் கேட்டது. பிறகு, “நீ மட்டும் கீழ வர்றியாக்கா” என்றான்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல், தூக்குவாளியில் சோறும் குழம்பும் எடுத்துக்கொண்டு ஒரு காய்கறி ஜீப்பில் தொற்றிப் போனேன். டீக்கடைப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இளைத்திருந்தான். திருப்பூர் வெயிலில் முகம் கருத்திருந்தது. சுற்றுலாக்காரர்கள் குல்லாய் விலை பேசிக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள். வாளியை வழித்துச் சாப்பிட்டான்.

“இவ்வளவு தூரம் வந்துட்டியேடா. இன்னும் ஒரு பஸ்ஸுதான்.”

“ஏறுனேன்க்கா. சீட்ல உக்காந்தேன். எறங்கிட்டேன். பெரியப்பா வாப்பான்னு கூப்புடுவாரு. திட்டுனா நின்னுருவேன். கூப்புட்டா என்ன செய்யுறதுன்னு தெரியல.”

நான் அவன் முதுகில் கை வைத்தேன். மலைக்காற்று அடித்தது. அவன் ஸ்வெட்டர் கொண்டு வரவில்லை. குளிர்கிறதா என்று கேட்டேன். “நல்லாருக்கு” என்று சொல்லி, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான். பிறகு அவன் திருப்பூர் திரும்ப ஏற வேண்டிய பழனி பஸ் வந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, வளைவு திரும்பும்வரை என்னைப் பார்த்தான்.

காலி வாளியோடு எங்கள் ஊர் பஸ்ஸில் ஏறினேன். வேலுத்தாய் மதினி திருவிழாவுக்குப் பூ வாங்கிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்து, பக்கத்தில் இடம் ஒதுக்கினார்.

“தம்பி வரலியா?” என்றார்.

“வந்தான்” என்றேன்.